ஆனைக்கரையில் பூஞ்சைகளுடன்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழையை ஒட்டிய நெல்வயல்களுக்கு நடுவே. கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தது. இன்னொன்று இடுக்கியில், குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்குப் போகும் மலைச்சாலையில், ஏலக்காட்டுக்குள். நான் இருப்பது இந்த இரண்டாவது ஊரில். பக்கத்தில் செல்லார்கோவில். அங்கே மலை சட்டென்று முடிந்துவிடும். விளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடக்கும். ஆடி மாதத்தில் மேலே சாரல் விடாது. கீழே தமிழ்நாட்டில் வெயில்.

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஆள் ஏற்றிய ஜீப்புகள் மேலே வந்துவிடும். ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தரையோடு தரையாக ஓடும் சரங்களில்தான் காய் பிடிக்கும் என்பதால், நாள் முழுக்க அவர்களுடைய கண் மண்ணிலேயே இருக்கும். பூஞ்சைகளைப் பற்றி எழுத நினைத்தபோது முதலில் அவர்களிடம் கேட்கத் தோன்றியது அதனால்தான்.

"இடி இடிச்சா மறுநா புத்துல காளான் நிக்கும் தம்பி," என்றார் ஓர் அக்கா. "புத்துல நின்னா எடுக்கலாம். கட்டையில நின்னா கை வைக்காதீங்க."

*

அவர் சொன்ன புற்றுக்காளானின் பேரினத்துக்கு அறிவியல் இட்ட பெயர் டெர்மிட்டோமைசிஸ். கறையான்கள் சருகையும் மரத்துகளையும் தின்று, பாதி செரித்த கழிவை அடுக்கி, புற்றுக்குள் துளைகள் நிறைந்த மேடைகள் கட்டுகின்றன. அந்த மேடைகளில் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. கறையானால் தனியே செரிக்க முடியாத மரநாரைப் பூஞ்சை இளக்கிக் கொடுக்கிறது. கறையான் அதற்கு இருட்டும் ஈரமும் காவலும் தருகிறது. மழைக்காலத்தில் பூஞ்சை புற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குடை விரிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சில நாட்கள் மட்டுமே.

2002இல் டூர் ஆனன் என்ற டச்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பூஞ்சை வளர்க்கும் கறையான்களின் டிஎன்ஏவையும் அவை வளர்க்கும் பூஞ்சைகளின் டிஎன்ஏவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். கறையான் குலத்தில் இந்த வேளாண்மை ஒரே ஒரு முறைதான் தோன்றியிருக்கிறது. அது தோன்றியது ஆப்பிரிக்க மழைக்காட்டில், சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பது அடுத்து வந்த ஆய்வுகளின் கணிப்பு. அன்று தொடங்கிய தொழிலை எந்தக் கறையான் கிளையும் இன்றுவரை கைவிடவில்லை. பூஞ்சையும் பழைய தனிவாழ்க்கைக்குத் திரும்பவில்லை.

சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட அடுக்களை ஒன்று வருகிறது. கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருப்பதை நத்தத்தனார் அங்கே காட்டுகிறார். கறையானும் காளானும் ஒரே இடத்தில், ஒரே பார்வையில். அவர் கண்டது எந்த இனம் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சுவரிலிருந்து ஒரு துணுக்குகூட நம்மிடம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முக்கியம். பின்னால் இதற்கு வருவேன்.

*

அடையாளம் காணும் பழைய முறை மெதுவானது. அந்த மெதுவுக்குள் ஒரு கவனம் இருக்கிறது.

காளானை வேரோடு பிடுங்குவதுபோல அடித்தண்டு முழுதாக வரும்படி தோண்டி எடுக்க வேண்டும். தண்டின் அடியில் பை போன்ற உறை இருக்கிறதா, நடுவில் வளையம் இருக்கிறதா, அறுத்தால் சதை நிறம் மாறுகிறதா, மணம் என்ன என்று எழுதிக்கொள்ள வேண்டும். குடையை அறுத்துக் காகிதத்தின் மேல் கவிழ்த்து ஓர் இரவு விட்டால், செதில் இடுக்குகளிலிருந்து வித்துத் தூள் உதிர்ந்து அச்சு விழும். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ் என்ற காளானுக்குப் பச்சை. பார்க்க அழகான வெள்ளைக் குடை, புல்தரையில் கூட்டமாக நிற்கும், தின்றால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். கட்டையில் நிற்பதைத் தொடாதே என்ற அக்காவின் விதி அவர் ஏறி இறங்கும் மலைச்சரிவுக்கு உரியது. அதை இன்னொரு ஊருக்கு எடுத்துப் போய் நம்பினால் ஆபத்து. மண்ணில் நிற்கும் காளான்களிலும் உயிரைக் குடிப்பவை உண்டு.

வித்துக்களை அயோடின் கலந்த கரைசலில் போட்டு நுண்நோக்கியில் பார்த்து, சுவர் நீலமாகிறதா என்று குறிப்பதும் உண்டு. வரைந்து வைப்பார்கள். பிறகு மிதமான சூட்டில் உலர்த்தி, உறையில் இட்டு, எண் எழுதி, உலர்தாவரக் களஞ்சியத்தில் சேர்ப்பார்கள். இந்தியாவில் இந்த வேலைக்கு முறையான அடித்தளம் போட்டவர் எட்வின் ஜான் பட்லர். அவர் 1905இல் பீகாரின் பூசாவில் தொடங்கிய பூஞ்சைத் தொகுப்பு, 1934 நிலநடுக்கத்துக்குப் பின் நிறுவனமே தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது கூடவே போனது. இன்றும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. பட்லரும் பிஸ்பியும் சேர்ந்து வெளியிட்ட இந்தியப் பூஞ்சைகளின் பட்டியல் 1931இல் வந்தது.

சென்னைக்கு ஒரு தனி மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையை டி. எஸ். சதாசிவன் வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற சி. வி. சுப்பிரமணியன், கொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், பூசணங்களின் வித்து எப்படி முளைத்து எப்படிக் கழன்று விழுகிறது என்பதை வைத்தே அவற்றை வகைப்படுத்த முடியும் என்று காட்டினார். ஈர ரொட்டியில், அழுகிய இலையில், மூங்கில் கழியில் படியும் கறுப்பும் சாம்பலுமான பொடிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 'ஹைஃபோமைசீட்ஸ்' 1971இல் வெளிவந்தது. ஓர் ஆயுளைப் பொடியைப் பார்ப்பதில் செலவிட்டிருக்கிறார். அந்த நூலின் முன் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு பணிவு வருகிறது. அதில் உள்ளது ஒருவருடைய பொறுமை என்று சொன்னால் போதாது. இந்த மண்ணில் யாரும் திரும்பிப் பார்க்காதவற்றுக்கு அவர் கொடுத்த மரியாதையும் அதில் இருக்கிறது.

*

டிஎன்ஏ வழியாகப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகக் குறித்துவைக்கிறேன்.

காளான் சதையில் ஓர் அரிசி அளவு கிள்ளி அரைத்து, செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் கழித்தால் டிஎன்ஏ மிஞ்சும். அதில் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான மரபணுக்கள் எல்லா உயிர்களிலும் உண்டு. அவை மிக மெதுவாக மாறுபவை, ஏனென்றால் அங்கே பிழை நேர்ந்தால் உயிர் பிழைக்காது. அந்த மரபணுக்களுக்கு இடையில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஐடிஎஸ் என்பார்கள். செல் அவற்றைப் படியெடுத்து, பிறகு வெட்டி எறிந்துவிடும். எறியப்படுவது என்பதால் அங்கே மாற்றங்கள் தடையில்லாமல் சேர்ந்துகொண்டே வரும். இனத்துக்கு இனம் வேறுபாடு தெரிவது அந்த இடத்தில்தான். 1990இல் தாமஸ் பிரன்ஸ், ஜான் டெய்லர் உள்ளிட்ட நால்வர் இந்தப் பகுதியைப் பெருக்கி எடுக்கும் வழியை வகுத்துக் கொடுத்தார்கள். 2012இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிப் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஐடிஎஸ்ஸை ஏற்கும்படி முன்மொழிந்தார்கள். பெரும்பாலும் 500 முதல் 700 எழுத்துகள். அவ்வளவுதான்.

உயிர் எறிந்துவிடும் துண்டில் அதன் வரலாறு எழுதப்பட்டிருப்பதை நினைத்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். செல் பாதுகாத்து வைத்த பகுதி எல்லா உயிரும் ஒன்று என்கிறது. எறிந்த பகுதி இது யார் என்கிறது.

*

இலை. ஏலக்காட்டுக்கு நிழல் தரும் மரத்திலிருந்து ஒரு பச்சை இலையைப் பறித்துப் பார்க்கிறேன். புள்ளி இல்லை, வாடல் இல்லை. ஆனால் இதற்குள் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. நோய் செய்யாமல், வெளியே தெரியாமல் உள்ளே வாழும் இவற்றை அகவாழ் பூஞ்சைகள் என்கிறார்கள். இலையின் மேற்பரப்பைச் சாராயத்தாலும் வெளுப்புக் கரைசலாலும் கழுவி, சிறு துண்டுகளாக வெட்டி, ஊட்டக்கூழ் தட்டில் வைத்தால் சில நாளில் துண்டின் விளிம்பிலிருந்து இழைகள் எழும்.

சென்னை விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி. எஸ். சூரியநாராயணன் இந்த வேலையில் பல பதின்மங்கள் செலவிட்டவர். முதுமலை உட்படத் தென்னிந்தியக் காடுகளின் மரங்களை இலை இலையாகப் பார்த்தவர். வெப்பமண்டலக் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் அதற்கென்றே தனிப் பூஞ்சைகள் இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. 1991இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த் உலகில் 15 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டபோது, அந்தக் கணக்கின் அடிப்படையே ஒரு தாவர இனத்துக்கு இத்தனை பூஞ்சை இனங்கள் என்ற விகிதம்தான்.

2003இல் பாண்டே, ரெட்டி, சூரியநாராயணன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெவ்வேறு வெப்பமண்டல மரங்களின் இலைகளிலிருந்து எடுத்த ஃபில்லோஸ்டிக்டா என்ற அகவாழ் பூஞ்சையின் ஐடிஎஸ் பகுதிகளை ஒப்பிட்டார்கள். உறவே இல்லாத மரங்களில் இருந்தது ஒரே இனம். ஃபில்லோஸ்டிக்டா கேப்பிட்டாலென்சிஸ். அதே இனம் உலகெங்கும் எத்தனையோ செடிகளில் பின்னர் தென்பட்டது. பழைய வழக்கப்படி வாழும் மரத்தைப் பார்த்துப் பூஞ்சைக்குப் பெயர் வைத்திருந்தால், ஒன்றுக்கே எத்தனை பெயர் கொடுத்திருப்போமோ.

டிஎன்ஏ ஒன்றை ஒன்றோடு சேர்த்த கதை இது. பிரித்த கதை அந்த முதல் ஆனைக்கரையின் வயல்களில் இருக்கிறது.

*

பாலக்காட்டு ஆனைக்கரையிலிருந்து பட்டாம்பி தொலைவில்லை. அங்கே 1927 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. நெல்லின் பெரும்பகைகளில் ஒன்று குலைநோய். இலையில் கண் வடிவப் புள்ளி, கதிர்க்கழுத்து கறுத்து ஒடிதல், பால் பிடிக்காத மணிகள். இந்தப் பூஞ்சையும் வயல் வரப்பில் வளரும் ஒரு புல்லைத் தாக்கும் பூஞ்சையும் ஒன்றுதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நுண்நோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி. 2002இல் பிரெட் கவுச், லிண்டா கோன் இருவரும் பல மரபணுக்களை ஒப்பிட்டு, நெல்லைத் தாக்குவது தனி இனம் என்று பிரித்தார்கள். வரப்பில் எந்தப் புல்லைக் களைவது, எங்கிருந்து நோய் வருகிறது என்ற கேள்விகளில் இப்படிப்பட்ட பிரிப்பு நேராகப் போய்ச் சேரும்.

மேலே நம் ஊரில் மிளகு. ஆனி, ஆடியில் கொடியின் இலையில் கரும்புள்ளி விழும், அதன் ஓரம் பஞ்சு பிரிந்தது மாதிரி இருக்கும். தூரில் அழுகல் பிடித்தால் ஓரிரு வாரத்தில் கொடி முழுவதும் இலை உதிர்த்து நிற்கும். திடீர் வாடல். ஏலத்தில் இதன் உறவுக்கார நோய்க்கு மலையாளத்தில் அழுகல் என்றே பெயர், அந்தப் பெயரிலேயே ஆங்கில ஆய்வுரைகளிலும் எழுதுகிறார்கள். காய் சரத்திலேயே அழுகி உதிரும். ஒரு பருவ உழைப்பு மண்ணில் விழுந்து கிடப்பதைப் பார்த்த சிறுவிவசாயியின் முகத்தை இங்கே பலரிடம் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தபின், பெயர் கண்டுபிடிப்பது புத்தகத்துக்குள் நடக்கும் வேலை என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இந்த நோய்களைச் செய்வது பைட்டோஃப்தோரா. மிளகைத் தாக்குவதை 1936இல் முல்லர் சுமத்ராவில் பால்மிவோரா என்ற இனத்தின் வகையாகக் குறித்தார். 1988இல் அது கேப்சிசி ஆனது. 2001இல் ஹவாயில் ஆராய்ந்தவர்கள் டிராபிகாலிஸ் என்ற ஓர் இனத்தைத் தனியே பிரித்தார்கள். பிறகு நடந்த மரபணு ஆய்வுகளில் இந்திய மிளகுத் தோட்டங்களில் இரண்டுமே இருப்பது தெரியவந்தது. கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பைட்டோஃப்தோராவுக்கென்றே ஒரு தேசியக் காப்பகம் இருக்கிறது. மலைத்தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நோய்க்கிருமிகள் அங்கே உயிரோடு வளர்த்துப் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால் பெரிய மாற்றம் இதைவிட அடியில் நடந்தது. பைட்டோஃப்தோரா பூஞ்சையே இல்லை.

இழையாக வளர்கிறது, வித்து விடுகிறது, அழுகச் செய்கிறது. பூஞ்சை என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து 10 லட்சம் பேர் சாகக் காரணமானதும் இதே குலம். அதன் செல்சுவரில் பூஞ்சைக்குரிய கைட்டின் இல்லாமல் பெரும்பாலும் செல்லுலோஸ் இருப்பது முன்பே சந்தேகம் தந்தது. மரபணு ஒப்பீடு அதை முடிவாக்கியது. பைட்டோஃப்தோராவுக்கு நெருங்கிய சொந்தம் கடலில் வளரும் பழுப்புப் பாசிகள். 1993இல் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. உண்மையான பூஞ்சைகளுக்கு நெருங்கிய சொந்தம் செடிகள் அல்ல, விலங்குகள். புற்றில் நிற்கும் காளான் அது சாய்ந்திருக்கும் ஏலத்தட்டையைவிட அதைப் பறிக்கும் கைக்கு நெருங்கிய உறவு.

இந்த உறவுமுறை மருந்துக்கடையில் பணமாகிறது. கார்பெண்டசிம் பல பூஞ்சைகளைக் கொல்லும், பைட்டோஃப்தோராவை ஒன்றும் செய்யாது. பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலை உருவாகவிடாமல் தடுக்கும் மருந்துகளும் அப்படியே, ஏனென்றால் பைட்டோஃப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. அதற்கு மெட்டலாக்சில் மாதிரி வேறு மருந்து வேண்டும். அல்லது மழைக்கு முன்பே அடிக்கும் பழைய போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். ஏலத்தின் கிழங்கழுகலில் ரைசோக்டோனியா போன்ற உண்மைப் பூஞ்சையும் இருக்கலாம், பைட்டோஃப்தோராவின் உறவான பித்தியம் வகையும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டு அழுகலும் ஒன்று. எது என்று தெரியாமல் அடிக்கும் மருந்து ஓடையில் கலந்து கீழே போகும், நோய் தோட்டத்திலேயே இருக்கும்.

*

ஓடையில் மழைக்குப் பின் நுரை ஒதுங்கும். பாறை இடுக்கில் பழுப்பு வெள்ளையாய்ச் சுழன்றபடி நிற்கும். அதில் ஒரு சொட்டு எடுத்து நுண்நோக்கியில் வைத்தால் நான்கு கை விரித்த வித்துக்கள் தெரியும். தண்ணீரில் விழுந்த இலையை மட்கச் செய்யும் பூஞ்சைகளின் வித்துக்கள் அவை. 1942இல் இங்கிலாந்தில் இங்கோல்டு இவற்றை ஓர் ஓடையில் கண்டு எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இவற்றை நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள் மங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் காவேரியப்பாவும் ஸ்ரீதரும்.

ஓடும் நீரில் இலையைப் பற்றிக்கொள்ள நான்கு கை வசதி. ஒரே வடிவம், ஆகவே ஒரே குடும்பம் என்று எண்ணத் தோன்றும். டிஎன்ஏ பார்த்தபோது இவை பல தனித்தனிக் குலங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஓடைதான் அவற்றுக்கு ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது. பூஞ்சைகளில் உருவம் பிறப்பைச் சொல்வதைவிட வாழ்ந்த இடத்தை அதிகம் சொல்கிறது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

*

இப்போது மண்ணை அள்ளி, அதிலுள்ள எல்லா டிஎன்ஏவையும் ஒருசேரப் படித்துவிடலாம். ஒரு பிடி மண்ணில் நூற்றுக்கணக்கான பூஞ்சைகளின் வரிசைகள் வருகின்றன. அவற்றில் பல, உலகில் எந்தப் பெயரோடும் பொருந்துவதில்லை. யாரும் அவற்றின் உடலைக் கண்டதில்லை. வெறும் எண்களாகத் தரவுத்தளங்களில் கிடக்கின்றன. கியூ தாவரவியல் பூங்கா 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி பூஞ்சை இனங்கள் சுமார் 25 லட்சம் இருக்கலாம், பெயரிட்டவை சுமார் 1,55,000.

பெயர் உள்ளவற்றிலும் சிக்கல் உண்டு. 2006இல் ஹென்ரிக் நில்சனும் கூட்டாளிகளும் பொதுத் தரவுத்தளங்களிலுள்ள பூஞ்சை வரிசைகளைச் சோதித்து, ஐந்தில் ஒன்று வரை தவறான பெயரில் இருக்கலாம் என்று எழுதினார்கள். ஒருவர் தவறான பெயருடன் ஒரு வரிசையைச் சேர்க்கிறார். அடுத்தவர் தன் காளானின் வரிசையை அதனோடு ஒப்பிட்டு அதே பெயரை எடுத்துக்கொள்கிறார். மூன்றாமவர் இரண்டையும் சான்றாகக் காட்டுகிறார். பிழை இப்படியே பெருகும். அதை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. முதல் ஆள் எந்தக் காளானிலிருந்து எடுத்தாரோ அந்தக் காளான் உலர்ந்து ஓர் உறைக்குள் இருக்க வேண்டும், யாராவது போய்த் திறந்து பார்க்கும்படி.

2018இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் உலகப் பூஞ்சையியல் மாநாடு கூடியது. உடலே இல்லாமல் டிஎன்ஏ வரிசையை மட்டும் மூலச்சான்றாக வைத்துப் புது இனத்துக்குப் பெயரிட அனுமதிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், 25 லட்சத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது எப்போது முடியும்? ஆனாலும் அந்த முன்மொழிவு அங்கே ஏற்கப்படவில்லை. ஏற்காதது சரி என்று நான் நினைக்கிறேன். வரிசையை மறுபடி படிக்கலாம். காளானை மறுபடி கேள்வி கேட்கலாம். நாளைக்கு வரும் கருவி இன்று நாம் கேட்கத் தெரியாத கேள்வியோடு அந்த உறையைத் திறக்கும். நத்தத்தனார் கண்ட சுவரிலிருந்து ஒரு துணுக்கு இருந்திருந்தால் என்று நினைப்பது வெறும் ஆசைதான். பட்லர் எடுத்த துணுக்குகள் நிஜமாகவே இருக்கின்றன.

*

ஆனை என்று ஊர்ப்பெயரிலேயே இருப்பதால் இதையும் எழுதுகிறேன். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் மணிமோகனும் அவருடைய மாணவர்களும் 2007இல் கேரளத்து யானை லத்தியில் முளைக்கும் காளான்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டுப்பாதையில் கிடக்கும் லத்திக்கு முன் குனிந்து, நூல் போன்ற தண்டில் நிற்கும் விரல்நகம் அளவுக் குடைகளை எடுத்து, வரைந்து, அளந்து, உலர்த்தி வைத்திருக்கிறார்கள். பாலோட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் சி. கே. பிரதீப் போன்றவர்கள் இதே வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள். உருவத்தையும் பார்க்கிறார்கள், டிஎன்ஏவையும் படிக்கிறார்கள், உலர்மாதிரியையும் வைக்கிறார்கள். மூன்றும் ஒருவர் கையில் சேரும்போதுதான் பெயர் நிற்கிறது.

இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். வகைப்பாட்டியல் படித்தால் வேலை கிடைக்காது என்று மாணவர்களைத் திருப்பி அனுப்பும் துறைகளைப் பார்த்திருக்கிறேன். வரிசை படிக்கும் கருவி வாங்கப் பணம் வருகிறது, உலர்மாதிரி அலமாரிக்கு ஒரு காப்பாளரை வைக்கப் பணம் வருவதில்லை. பல்கலைக்கழகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு துறைக்கு ஒரு காப்பாளர் பணியிடமாவது நிரப்புங்கள்.

மற்றவர்களுக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. அடுத்த மழையில் தோட்டத்திலோ கொல்லையிலோ அறியாத காளானைப் பார்த்தால் தின்ன வேண்டாம். மேலே ஒரு படம், குடைக்கு அடியில் ஒரு படம், தண்டின் அடிப்பகுதி தெரிய ஒரு படம் எடுங்கள். எந்த மரத்தடி, மண்ணிலா கட்டையிலா சாணியிலா, என்ன தேதி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது, நம் வேலிக்குள் முளைப்பவையே போதும். ஒன்றை நன்றாக உலர்த்தி, அந்தத் தாளோடு உறையில் போட்டு, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.